அம்மன் காலடியில் வைத்த இரண்டு பொட்டலங்கள்

2001 ஆடி மாதம். பொறியியல் கவுன்சிலிங்குக்கு மூன்றே நாள்தான் இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதா, கெமிக்கல் எடுப்பதா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. "கம்ப்யூட்டர் படி" என்று ஓதிக்கொண்டிருந்தவர்களே, அமெரிக்காவில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் பல்டி அடித்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மாமா, "கெமிக்கல் எட்த்துக்கோ கண்ணு, மணலி கம்பெனிங்கல்லாம் வூட்டாண்டயே கீது" என்றார். லாஞ்சில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் அப்பாவுக்கு இரண்டு படிப்பின் பெயருமே புதுசு. திருவொற்றியூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். யாரைக் கேட்பேன்?

அம்மனையே கேட்டுவிடலாம் என்று பூ கட்டிப் பார்த்தோம். வெள்ளை அரளி வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் கெமிக்கல். மீன் விற்கும் என் அம்மாதான் பூவைக் காகிதத்தில் மடித்து இரண்டு பொட்டலம் கட்டினாள். பூசாரி அவற்றை அம்மன் காலடியில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் பிரியலை தாயே. என்னைத் தெரிஞ்ச நீயே சொல்லு" என்று அழுதுகொண்டே ஒன்றை எடுத்தேன். வெள்ளை. இன்னொன்றை அம்மா பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குழப்பம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. நோட்டில் ப்ரோகிராம் எழுதிப் பழகினேன். லேபில் அடித்தால் திரை முழுக்கப் பிழை. மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர். சீனியர்கள் வேலையில்லாமல் அலைந்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டாயா என்று அம்மனோடு சண்டை போட்டேன். படிப்பை விடத் துணிந்த அன்றும் அந்த வெள்ளைப் பூதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவள் சொன்னது எப்படிப் பொய்யாகும்?

கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் மூன்று கம்பெனிகள் என்னைக் கழித்துக்கட்டின. நான்காவதில், உனக்குத் தெரிந்த ஒரு வேலைக்கு மென்பொருள் வடிவமைத்துக் காட்டு என்றார்கள். மீன் ஏலத்தை வரைந்தேன். கேட்பது யார், ஏலம் எப்போது முடியும், கூடை யாருக்குப் போகும், எல்லாம் கட்டம் கட்டமாக. வேலை கிடைத்தது!

நன்றி சொல்லப் பொங்கல் வைக்கப் போனோம். கோயில் வாசலிலேயே அம்மா உட்கார்ந்து அழுதாள்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப்பூதான்டி வச்சேன். கெமிக்கல்னா உன் மூஞ்சி செத்துப்பூடும். கம்ப்யூட்டர்னா மட்டும் பளிச்சுனு ஆவும். அம்மன் மாத்திச் சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினேன். சாமி குத்தம் ஆயிடுமா?"

அப்படியானால் நாலு வருஷம் நான் யாரை நம்பினேன்? யாரோடு சண்டை போட்டேன்? இன்றுவரை முழுசாகப் புரியவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் என்னைத் தெரிந்தவள் சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டேன்? தெரிந்தவள்தான் சொல்லியிருக்கிறாள்.

யார் காலில் முதலில் விழுவது என்று அங்கேயும் குழம்பினேன். பக்கத்தில் இருந்தது அம்மாவின் கால். அதிலேயே விழுந்தேன்.

என்னைப் போல் குழம்பி நிற்கும் பிள்ளைகளே, தைரியமாக அம்மனிடம் போய்க் கேளுங்கள். பதில் வரும். பொட்டலத்தைக் கட்டியது யார் என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள்.