திலகசிறி மாத்தயாவின் ஆப்பிள் தானம்

நாங்கள் மரியாதையாக மாத்தயா என்று கூப்பிடுகிற திலகசிறி யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை என்று அவர் மனைவி சந்திராவதி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உண்மைதான், அவர் நினைக்கவில்லை. நினைப்பதற்குத் தலைக்குள் கொஞ்சம் இடம் வேண்டும். அங்கேதான் முழுக்க ஆப்பிளை அடுக்கி வைத்திருந்தாரே.

கேகாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி, வேலியோரத்து ஈரத்தில் வல்லாரை. அவர் அம்மா விடிந்ததும் அதைப் பறித்து, இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கஞ்சி வைப்பாள். அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் இந்த மனிதர் பள்ளிக்கூடம் போனார், சோதனை பாஸ் பண்ணினார், கொழும்பில் ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கும் போனார். வேலைக்காலம் முழுக்க மருந்துப் பெட்டி எண்ணியதில், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது தான் பாதி டாக்டர் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

வரும்போது கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து முன்னறையில் மாட்டினார். எந்தப் பழத்தில் என்ன சத்து, எந்தக் கீரையில் என்ன சத்து என்று அதில் அச்சடித்திருந்தது. ஆப்பிள் படம் மட்டும் தேங்காய் அளவுக்குப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. கீரைகள் எல்லாம் அடியில் ஒரு மூலையில், கண்ணைச் சுருக்கிப் படிக்கிற எழுத்தில்.

அதை முழுதாகப் படித்திருந்தாலாவது மன்னிக்கலாம். அவர் படித்தது கலோரி என்கிற ஒரு வரிசையை மட்டும். தலைவலி மாத்திரை கேட்டு யாராவது போனாலும் அந்தக் காலண்டரின் முன்னால் நிறுத்திவிடுவார். "நூறு கிராம் ஆப்பிள எடுங்க, அம்பத்திரண்டு கலோரி. நூறு கிராம் கீரைய எடுங்க, அதுல பாதி தேறாது. அப்ப எதுல சத்து? நீங்களே சொல்லுங்க."

கலோரிதான் சத்து என்றால் சீனிப் போத்தலை வாயில் கவிழ்த்துக்கொள்ளலாமே. இரும்பு, சுண்ணாம்பு, கண்ணுக்கு வேண்டிய சத்து என்று கீரைக்கு நேராக அதே காலண்டரில் போட்டிருந்ததை நான் ஒருநாள் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கிட்டே வந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சில்லறை, கருணா அக்கே" என்றார்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் விகாரையில் தானம் கொடுக்கிறவர்களின் தாயக சபைக்குத் தலைவராக்கினார்கள். வேறு யாரும் அந்தத் தொல்லையை ஏற்க முன்வரவில்லை. அவர் ஒருவர்தான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதத்தில் ஒருநாள் முறை. அன்றைக்கு விகாரைக்குக் காலைத் தானமும் பகல் தானமும் அந்த வீட்டுப் பொறுப்பு. காலைக்குக் கீரைக் கஞ்சி, பகலுக்குச் சோறும் கறியும் என்று பெரிய அலட்டல் இல்லாமல் நடந்துவந்தது. திலகசிறி தலைவரானதும் முதல் கூட்டத்திலேயே அதில் கை வைத்தார். எதைத் தானமாகக் கொடுக்கிறோமோ அதுதான் அடுத்த பிறப்பில் நமக்குக் கிடைக்கும், மாடு தின்கிற இலையைப் பிழிந்து கொடுத்தால் அடுத்த பிறப்பிலும் உங்களுக்கு இலைதான் என்றாராம். பிறகு அம்பத்திரண்டு கலோரிக் கணக்கு. சனம் பயந்துவிட்டது. மறுமாதத்திலிருந்து வீட்டுக்கு வீடு போட்டி. ஆப்பிளைத் தாமரையாக வெட்டினார்கள், சிவப்புத் திராட்சையைக் கொத்தாகத் தொங்கவிட்டார்கள், வாழைப்பழத்தின் மேல் இனிப்புப் பாணி ஊற்றினார்கள். வாயில்லாத வல்லாரை வேலியோரத்திலேயே கிடந்தது.

நான் அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகக் காலி நகரத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைக்குச் சோறூட்டும் வரை இருந்துவிட்டுத் திரும்பி வந்து விகாரைக்குப் போனால், எங்கள் தலைமைப் பிக்கு, பெரிய ஹாமுதுரு, காலில் துணி சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நடக்கிறார்.

அவருக்கு நீரிழிவு என்பது ஊர் முழுக்கத் தெரியும். முன்பு அடங்கித்தான் இருந்தது. இப்போது கால் விரலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. சர்க்கரையைக் குறைக்காவிட்டால் விரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஆனால் அவர் எப்படிக் குறைப்பார்? சில விகாரைகளில் என்ன சமைக்க வேண்டும் என்று ஹாமுதுருமாரே தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். எங்களுடையவர் பழைய ஒழுக்கத்துக்காரர். பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவார், இது வேண்டும், இது வேண்டாம் என்று வாய் திறக்க மாட்டார். தானம் கொடுத்தவர்கள் கைகூப்பி எதிரே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவர்கள் மனம் வாடக் கூடாதே என்று ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து வாயில் போடுவார். அதைப் பார்த்துத் திலகசிறி, "நம்ம ஹாமுதுருவுக்கு ஆப்பிள்னா உசிரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இன்னொன்றையும் செய்திருந்தார். விகாரைக் கிணற்றடியில் வல்லாரை மெத்தை போலக் கிடக்கும். பிக்குமார் செடியிலிருந்து ஓர் இலையைக்கூடத் தங்கள் கையால் பறிக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் மொள்ள வருகிற எங்களில் யாராவது பறித்துக் கொடுத்துவிடுவோம். அதைச் சுத்தமாக வழித்துவிட்டு, அங்கே டைல்ஸ் பதித்து, பழத்தட்டு வைக்க ஒரு மேடை கட்டி, அதன் நெற்றியில் தன் அம்மா பெயரைப் பொறித்திருந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்து வளர்த்தவள் பெயர்.

என் முறை வந்த அன்று கஞ்சியைப் பானையோடு எடுத்துக்கொண்டு போனேன். பிக்குமார் சாப்பிடுகிற தான சாலை வாசலில் தலைவர் நின்றார். பானை மூடியைத் திறந்து பார்த்தார், ஏதோ செத்துக் கிடப்பதைப் பார்த்த மாதிரி மூடினார். சபை தீர்மானம் இருக்கிறது என்று சொல்லிப் பானையை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, என் பெயரில் தானே ஓர் ஆப்பிள் தட்டை உள்ளே கொண்டுபோனார். எனக்குப் புண்ணியம் குறைந்துவிடக் கூடாது என்ற அக்கறையாம்.

அவரோடு வாதாடிப் பயனில்லை என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். சுவரோடு பேசினால் சுவராவது சும்மா இருக்கும். ஆனால் எங்கள் வழக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் ஒரு பிக்குவிடம், உங்களுக்கு எது தேவையோ என்னிடம் கேளுங்கள் என்று முறையாகச் சொல்லிவைத்தால், அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து கேட்கலாம், குற்றமில்லை. ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகவே திலகசிறி வீட்டுத் தானத்துக்குக் காத்திருந்தேன்.

அது அவர் அம்மாவின் நினைவு நாள் தானம், விகாரையின் தான சாலையிலேயே. வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஆப்பிளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார். ஊர் பாயில் உட்கார்ந்திருந்தது. ஹாமுதுரு காலை ஒரு பலகை மேல் தூக்கி வைத்திருந்தார், சுற்றிய துணியில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. திலகசிறி தட்டைத் தூக்குவதற்குள் நான் முன்னால் போய் முழங்காலிட்டேன்.

"ஹாமுதுருவனே, இன்னையிலருந்து உங்களுக்கு சாப்பாடோ மருந்தோ என்ன வேணுமோ எங்கிட்ட கேளுங்க. இத்தன பேர் முன்னால சொல்றேன்."

ஹாமுதுரு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"வல்லாரைக் கஞ்சி கொஞ்சம் கிடைச்சா நல்லது, உபாசிகாம்மா. கருப்பட்டி வேணாம்."

திலகசிறியின் கையில் தட்டு அப்படியே நின்றது. "இத்தன நாளும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ஹாமுதுருவனே" என்றார்.

"ஒருத்தரும் கேக்கலயே, மாத்தயா."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கூனிப் போயிருப்பார்கள். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இதோ பறித்து வருகிறேன் என்று நேரே கிணற்றடிக்கு ஓடினார். ஓடிப் போய் அம்மா பெயர் பொறித்த மேடைக்கு முன்னால் நின்று, டைல்ஸைக் குனிந்து குனிந்து பார்த்தார். கடைசியில் சந்திராவதிதான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னோடு என் வேலிக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே குனிந்து பறித்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வாரமே காலண்டர் முன்னால் புதுப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. "ஆப்பிள்ல என்ன இருக்கு, வெறும் தண்ணியும் சீனியும். வல்லாரைல இரும்பு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு. நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சபையில் வல்லாரைக்கு ஒரு தீர்மானமும் போட்டார்.

கஞ்சி தினமும் போனது. ஆனால் புண் அதற்குள் எலும்பைத் தொட்டுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். விரல்களை ஆப்பிள்தான் தின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பிள் பாவம், எங்கோ குளிர்நாட்டில் பிறந்து கப்பல் ஏறி வந்தது, அதற்கு என்ன தெரியும். நான் திலகசிறியைத்தான் சொல்கிறேன்.

அறுவை முடிந்து கஞ்சிப் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் திலகசிறி எனக்கு முன்பே வந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பை நிறையச் சிவப்பு ஆப்பிள், ஒவ்வொன்றிலும் ஒட்டிய சின்ன லேபிள்கூட உரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் கீரைக்கட்டோடு வந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தாழ்ந்த குரலில் என்னிடம் விளக்கம் வேறு சொன்னார்.

பிறகு முழங்காலிட்டு, இரண்டு கையாலும் பையை நீட்டினார். ஹாமுதுரு துணி சுற்றிய காலை மெல்ல நகர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். நோயில்லாமல் நீண்ட நாள் இருங்கள் என்று ஆசீர்வதித்தார்.

திலகசிறி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களா அக்கே, மறுக்காம வாங்கிட்டாரு."