துரை ஒப்புக்கொண்ட நாள்

ரஷ்யர்களால் உருப்படியாக ஒரு பேரிங் செய்ய முடியாது என்று எங்கள் டிராயிங் ஆபீசில் ஒருவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். 1954 முதல் 1958 வரை, காலை டீ வரும் நேரத்தில், இதையோ இதன் உறவான ஒன்றையோ அவர் சொல்லாத நாள் குறைவு. அவர் ஜெர்மானியர். பெங்களூருக்குக் கிழக்கே இருந்த எங்கள் இயந்திரத் தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தின் பேரில் வந்த வடிவமைப்பு எஞ்சினியர். வெள்ளைக்காரன் ஆட்சி போய் ஏழு வருடம் ஆகியிருந்தும், நாங்கள் அவரைத் துரை என்றுதான் சொன்னோம். கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் நாக்கு அவ்வளவு சீக்கிரம் சுதந்திரம் அடைவதில்லை.

நான் அங்கே டிராப்ட்ஸ்மேன், வரைபடம் போடுபவன். ஆஸ்டின் டவுனில் வீடு. சைக்கிளில் வேலைக்குப் போவேன். பத்திரிகைச் செய்திகளை வெட்டித் தேதி போட்டு பிஸ்கட் டின்களில் வைப்பது என் வழக்கம். மனைவிக்கு அரிசி வைக்க ஒரு டின் மிஞ்சாது. இந்தப் பழக்கத்தால் ஆபீசில் எனக்குத் 'தேதி சார்' என்று பெயர். வைத்தவர் எங்கள் வரைபடங்களை அம்மோனியா ஆவியில் நகலெடுத்து பிரிண்ட் போடுபவர். ஸ்ரீராம்புரத்துக்காரர், என்னைவிடச் சில வயது மூத்தவர், யாரையும் சும்மா விடாதவர்.

துரையின் அபிப்பிராயங்களுக்கு எதிர்க்கட்சி இந்தப் பிரிண்ட்காரர்தான். ரஷ்யாவிலிருந்து வழவழப்பான படப் பத்திரிகை ஒன்று மிகக் குறைந்த சந்தாவில் அவருக்கு வந்துகொண்டிருந்தது. டிராக்டர்கள், அணைகள், சிரிக்கும் பெண்கள். படித்து முடித்ததும் அந்தத் தாள்கள் அவர் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டையாகிவிடும். பிலாயில் இரும்பாலை கட்டித்தர ரஷ்யா ஒப்பந்தம் செய்தது 1955 பிப்ரவரியில். அந்தச் செய்தி வந்த வாரம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

"தொர, கேட்டீங்களா? நம்மளுக்கு ஸ்டீல் பேக்டரி கட்டிக் குடுக்கிறான் ரஷ்யாக்காரன். உங்காளுங்க இன்னா குடுத்தாங்க? உங்களத்தான் குடுத்தாங்க!"

நான் அதை ஆங்கிலத்தில் கொஞ்சம் மழுப்பிச் சொன்னேன். துரையின் ஆங்கிலமும் எங்களுடையதைப் போல இரவல்தான். அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

"இரும்பு சரி," என்றார் அவர். "பெரியது எதுவும் அவர்களால் முடியும். பெரிய அணை, பெரிய உலை, பெரிய ஊர்வலம். மேலே ஒருவன் கட்டளை போட்டால் கீழே லட்சம் பேர் மண் சுமப்பார்கள். ஆனால் தலைமுடி அகலத்தில் ஒரு தப்பு வந்தால், அதைத் தப்பு என்று சொல்ல அங்கே ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. தப்பைச் சொல்ல முடியாத நாட்டில் நுணுக்கமான கருவி பிறக்காது. அது அரசியல் இல்லை, பொறியியல்."

யுத்தம் முடிந்தபின் ரஷ்யர்கள் அவர் ஊர்த் தொழிற்சாலைகளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனதையும், அந்த இயந்திரங்களில் பாதி தண்டவாளத்தோரம் மழையில் துருப்பிடித்துக் கிடந்ததையும் சொல்வார். "கதவுக் கைப்பிடியைக்கூட விடவில்லை. கைப்பிடியை மாட்ட அங்கே கதவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது."

எல்லோரும் சிரிப்பார்கள். தோற்றவன் வயிற்றெரிச்சல் என்று நானும் நினைத்திருந்தேன், 1955 செப்டம்பர் வரை.

அந்த மாதம் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் மாஸ்கோ போனார். யுத்தக் கைதிகளில் மீதியிருந்தவர்களை விடுவிக்க ரஷ்யா சம்மதித்தது. நான் மேஜையில் அந்தச் செய்தியை வெட்டிக்கொண்டிருக்கையில் துரை பின்னால் வந்து நின்றார்.

"இதுபோல வேறு வைத்திருக்கிறீர்களா? ரஷ்யாவிலிருந்து ஜெர்மானியர் திரும்புவது பற்றி?"

மறுநாள் ஒரு டின்னைக் கொண்டுபோனேன். சாப்பாட்டு வேளையில், மற்றவர்கள் கான்டீனுக்குப் போனபிறகு, ஒவ்வொரு துண்டாகப் படித்தார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி. அவனும் எஞ்சினியர். விமானமும் ராக்கெட்டும் நேராகப் பறப்பதற்கான சுழல் கருவிகளில் தேர்ந்தவன். 1946 அக்டோபர் 22ஆம் தேதி விடிவதற்கு முன் ரஷ்யச் சிப்பாய்கள் கதவைத் தட்டி, உனக்கு இனிமேல் ரஷ்யாவில் வேலை என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்கள். அவனைப் போல ஆயிரக்கணக்கானோர், ஒரே நாளில். கைதி இல்லை, நிபுணன் என்று பெயர். ஜெர்மனியின் ரஷ்யப் பகுதியில் தனியாக இருக்கும் தாய்க்கு அவனிடமிருந்து தபால் அட்டைகள் வந்துகொண்டிருந்தன. 1952க்குப் பிறகு வரவில்லை.

"அவன் உயிரோடு இருக்கிறான்," என்றார் துரை. கணக்கை விளக்குகிற குரல். "அவன் செய்ததை அவர்களால் செய்ய முடியாது. இன்றும் முடியாது. முடியாத வரைக்கும் அவன் அவர்களுக்கு வேண்டும். வேண்டிய ஆளுக்குச் சோறு போடாமல் இருப்பார்களா?"

அப்போதுதான் எனக்கு அந்தப் பேரிங் புரிந்தது. அவர் தினமும் டீ வேளையில் எங்களிடம் சொன்னது ரஷ்யாவைப் பற்றி இல்லை.

"இது இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்," என்றார். "வரைபடத்தில் தப்பு இருந்தால் என்னிடம் சண்டை போடுகிற ஆட்கள் எனக்கு வேண்டும். பரிதாபப்பட்டால் சண்டை போடமாட்டார்கள்."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நவம்பர் இறுதியில் ரஷ்யத் தலைவர்கள் இருவர் இந்தியச் சுற்றுப்பயணத்தில் பெங்களூருக்கும் வந்தார்கள். சாலையின் இரு புறமும் கூட்டம். துரை என்னுடன் வருவதாகச் சொன்னபோது, தம்பியைப் பற்றி ஏதாவது மனு நீட்டப் போகிறாரோ என்று பயந்தேன். கையில் ஒன்றும் இல்லை. அவர்களுடைய முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கார்கள் வர நேரமாயிற்று. கூட்டத்தில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, வெளுத்த முடியோடு நின்றவரை, எங்கள் பக்கத்து ஜனங்கள் பார்த்துவிட்டார்கள்.

"டேய், ரஷ்யாக்காரருடா! முன்னாடியே இறங்கி நடந்து வந்துட்டாருடா!"

ஒரு நிமிடத்தில் சுற்றி வளைத்தார்கள். கைகுலுக்கினார்கள். பூக்கூடைக்கார அம்மாள் ஒருத்தி கதம்பச் சரத்தை அவர் கையில் சுற்றினாள். "ஹிந்தி ரூசி பாய் பாய்" என்று கோஷம். நான் இவர் ஜெர்மன் என்று கத்தினேன். "எந்த ஊரானா இன்னாய்யா, வந்துட்டாரில்ல," என்றார் ஒருவர். துரை மறுக்கவில்லை. நீட்டிய ஒவ்வொரு கையையும் குலுக்கினார். கார்கள் போனது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை; தலைவர்கள் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

திரும்புகையில், பாய் என்றால் என்ன என்று கேட்டார். சகோதரன், இந்தியனும் ரஷ்யனும் சகோதரர்கள் என்று கோஷம் என்றேன். கையில் சுற்றிய சரத்தை எறியாமலே நடந்தார்.

அடுத்த இரண்டு வருடங்கள் கைதிகள் திரும்பிய செய்திகளை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்பியைப் பற்றி எதுவும் வரவில்லை. டீ வேளைப் பேச்சு மட்டும் கூர்மையாகிக்கொண்டே போயிற்று.

1957 அக்டோபர் 5, சனிக்கிழமை. ரஷ்யா வானத்தில் ஒரு செயற்கைச் சந்திரனை விட்டிருக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். பிரிண்ட்காரர் அன்று அம்மோனியா அறைக்குள் போகவே இல்லை. துரையின் மேஜைக்கு நேராக வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா தொர? பேரிங் செய்யத் தெரியாதவன் சந்திரன் செஞ்சு உட்டிருக்கிறான். இப்ப இன்னா சொல்றீங்க?"

மொத்த ஆபீசும் கோடு போடும் டி-ஸ்கொயரை வைத்துவிட்டுக் காத்திருந்தது. துரை சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எழுந்து பிரிண்ட்காரரின் இரு தோளையும் பிடித்தார்.

"அதை யார் நேராகப் போக வைத்தது தெரியுமா? ரஷ்யன் இல்லை. எனக்குத் தெரியும் யார் என்று."

"இன்னா சொல்றாரு தேதி சார்?"

"ஜெர்மன்காரங்க செஞ்சதுன்றாரு."

"அப்பா சாமி! கீழ உளுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலியாம்!"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான் மட்டும் துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தி வந்தவர் முகம் போல இருந்தது, நல்ல தந்தி.

சில நாள் கழித்து, விடியற்காலையில் நாங்கள் மூவரும் பரேட் மைதானத்தில் நின்றோம். பிரிண்ட்காரர் ஸ்ரீராம்புரத்திலிருந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வடமேற்கிலிருந்து ஒரு வெளிச்சப்புள்ளி, நட்சத்திரங்களைக் கடந்து, அவசரமில்லாமல் போயிற்று. கண்ணுக்குத் தெரிவது சந்திரன் இல்லை, அதைக் கொண்டுபோன ராக்கெட்டின் உடல்தான் என்று துரை விளக்கினார். அது மறைந்த பிறகும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அந்தத் திசையையே பார்த்து நின்றார்.

"எவ்வளவு நேராகப் போகிறது பாருங்கள்," என்று என்னிடம் சொன்னார்.

நவம்பர் 3ஆம் தேதி நாயுடன் இரண்டாவது போயிற்று. துரை எல்லாச் செய்திகளையும் என்னிடம் கேட்டு வாங்கினார். தாய்க்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்: பயப்படாதே, அவன் வேலையாக இருக்கிறான்.

1958இல் ரஷ்யாவிலிருந்த ஜெர்மன் நிபுணர்களில் கடைசி ஆட்களும் ஊர் திரும்பினார்கள். மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு திங்கட்கிழமை. துரை வழக்கமான நேரத்துக்கு வந்தார், என் வரைபடம் ஒன்றைத் திருத்தினார். டீக்கு மணியடிக்கக் கொஞ்சம் இருக்கையில் என் மேஜைப் பக்கம் வந்து, குனிந்து வரைபடத்தைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

"என் தாயிடம் ஒருவர் வந்திருக்கிறார். தம்பியோடு இருந்தவர். அவன் 1952 குளிர்காலத்தில் இறந்துவிட்டானாம். நுரையீரல் காய்ச்சல். ஏரிக்கரையில் புதைத்தார்களாம்."

என் பென்சில் நின்றது.

"இன்னொன்றும் சொன்னாராம். அவர்களை ஏரி நடுவே ஒரு தனித் தீவில் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்பார்களாம், பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போவார்களாம். எங்கே கொண்டுபோகிறார்கள், என்ன கட்டுகிறார்கள், எதையும் காட்டவில்லை. போகப் போகக் கேள்விகளும் நின்றுவிட்டனவாம்." வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோடு இங்கே வரக்கூடாது, அழியுங்கள்," என்றார். உண்மையிலேயே அந்தக் கோடு தப்பாகத்தான் இருந்தது.

டீ வண்டி வந்தது. பிரிண்ட்காரர் கிளாசை எடுத்துக்கொண்டு தன் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான அம்பை விட்டார்.

"இன்னா தொர, இன்னிக்கு ரஷ்யாக்காரனுக்கு இன்னா தெரியாது?"

துரை கிளாசைக் கீழே வைத்தார். "நான் சொன்னது தப்பு," என்றார். "அவர்களே செய்திருக்கிறார்கள். ஜெர்மானியர் யாரும் இல்லை. நல்ல வேலை. மிக நல்ல வேலை."

எல்லோர் முன்னாலும் சத்தமாகத் தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன்.

ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு கைதட்டல். நான்கு வருட வழக்கு தீர்ந்துவிட்டது. பிரிண்ட்காரர் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் ஒரு பெரிய பொட்டலம் காராபூந்தி வாங்கிவந்து மேஜை மேஜையாகப் பங்குவைத்தார். முதல் கை துரைக்கு.

"எடுங்க தொர. தப்ப தப்புன்னு சொன்னீங்க பாருங்க, நீங்கதான் ஆம்பள. யாரு செஞ்சா இன்னா, நல்லா செஞ்சிருக்கானா இல்லியா?"

நான் மொழிபெயர்த்தேன். துரை தலையசைத்தார். பூந்தியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, நின்றபடியே, ஒன்றுவிடாமல் தின்றார். பிறகு கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மாலையில் என்னிடம், இனிமேல் செய்தி வெட்டித் தரவேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு ரஷ்யாவைப் பற்றி எங்களிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. 1959இல் ஒப்பந்தம் முடிந்து ஊர் போனார். யுத்தத்துக்குப் பிந்திய ரஷ்யத் தொழில்துறை பற்றி நான் பின்னால் நிறையப் படித்தேன். துரை சொன்னவற்றில் சரியானதும் உண்டு, தவறானதும் உண்டு. ஆனால் அவற்றை அந்த வழியில் எடைபோட எனக்கு மனம் வந்ததில்லை.

1961 ஏப்ரல் 12, புதன்கிழமை, ரஷ்யா வானத்துக்கு ஒரு மனிதனையே அனுப்பியது. மறுநாள் காலை டீக்கு நான் வெட்டிய செய்தியோடு நின்றிருந்தேன். பிரிண்ட்காரர் அதை வாங்கிப் பார்த்து, புன்னகையோடு துரையின் பழைய மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே புதிதாக வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"தொர இருந்தா இப்ப இன்னா சொல்லியிருப்பாரு தேதி சார்?"

அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது; இனி இங்கே அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட முடியாது. நான் சொன்னேன். தம்பியை, தபால் அட்டைகளை, ஏரிக்கரையை, அந்தத் திங்கட்கிழமைக் காலையை.

பிரிண்ட்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அம்மோனியாவில் எப்போதும் சிவந்திருக்கும் கண்கள். அவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"நான் பூந்தி வாங்கிக் குடுத்தேனே சார்," என்றார். "அவரு சாப்பிட்டாரே."