ஊசிவால் வாத்தும் ஏரிப் பள்ளமும்

என் அத்தை கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அவளைப் பற்றி ஊரில் இரண்டு புகார்கள் இருந்தன. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டு, ஆம்பளைகளோடு வேனில் ஏறிக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் எடுக்கப் போகிறாள் என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமையானால் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு கொக்கையும் குருவியையும் படம் எடுக்கிறாள் என்பது இன்னொன்று. முதலாவதை மன்னித்துவிட்டார்கள், அதற்குச் சம்பளம் வந்தது. இரண்டாவதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. “கொக்கு இன்னா, மொய்யா எழுதப்போவுது?” என்று பெரியப்பா கேட்பார்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் போகிற இடமெல்லாம் நானும் ஒட்டிக்கொண்டு போவேன். கேமராவைத் தொட மட்டும் எனக்கு அனுமதி கிடையாது. அது ஸ்டுடியோ ஓனருடையது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போகலாம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

ஐப்பசியில் கல்வராயன் மலைப்பக்கம் நல்ல மழை இறங்கிவிட்டால் எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும். தண்ணீருக்குப் பின்னாலேயே பறவைகள் வரும். அந்த வருஷம் தீபாவளி முடிந்த வாரம், வேலைவிட்டு வந்த அத்தை பஸ்ஸிலிருந்தே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். “ஊசிவால் வாத்துடி! எங்கியோ பனி பெய்யற ஊர்ல இருந்து நம்ம ஏரிக்கு வந்துகீது” என்றாள். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இருவரும் கிளம்பிவிட்டோம். மழை விட்டிருந்தாலும் வானம் கறுத்தே கிடந்தது. ஏரிக்குள் கருவேல மரங்கள் பாதி மூழ்கி நின்றன. அதற்கும் அப்பால், கோரைப் புல்லுக்குப் பின்னால் வாத்துகள் மிதந்தன. கழுத்து வெள்ளையாக, வால் ஊசி மாதிரி நீண்டு இருந்தது. அத்தை சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். “நீ கரையிலயே நில்லு” என்றாள்.

கோடையில் ஏரி வறண்டு கிடந்தபோது மண் எடுக்க ஜேசிபி வந்து போனது ஊருக்கே தெரியும். எங்கெங்கே பள்ளம் விழுந்தது என்று அத்தைக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஏறிய பிறகு பள்ளமும் மேடும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

அவள் கோரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தாள். முழங்கால் அளவுதான் தண்ணீர். கேமராவைக் கண்ணுக்கு வைத்தாள். வாத்துகள் ஒன்றும் கவனிக்கவில்லை. அவள் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்படியே பொசுக்கென்று மார்பளவுக்குப் போய்விட்டாள்.

கத்தவில்லை. கேமராவைப் பிடித்த கைகள் மட்டும் தலைக்கு மேலே போயின. வாத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. காலை எடுக்கப் பார்த்தாள். எடுக்க எடுக்கச் சேறு உள்ளே வாங்கியது. தண்ணீர் தோளுக்கு வந்துவிட்டது.

நான் என்ன நினைத்தேனோ தெரியவில்லை, தண்ணீரில் இறங்கி ஓடினேன். எனக்கு இடுப்புவரை வந்தது. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் நீட்டினேன்.

“அத்தே, புடிச்சுக்கோ!”

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, முடிந்தவரை எட்டி, கேமராவை என் கைகளில் வைத்தாள்.

“ரெண்டு கையாலயும் புடி. திரும்பு. அந்த மரத்துகிட்ட போய் நில்லு.”

“நீ வா அத்தே…”

“போடின்னா போ! தண்ணி ஒரு சொட்டு பட்டுச்சி, கொன்னுடுவேன். கீழ வெக்காத. அங்கிருந்து நவுராத. கத்திக் கூப்புடு, யாராச்சும் வருவாங்க.”

அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. நான் அழுதுகொண்டே மேட்டிலிருந்த மரத்தடிக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துத் தூறல் வேறு பிடித்தது. பாவாடை நனைந்திருந்ததால் கேமராவைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டு “யாராச்சும் வாங்க, யாராச்சும் வாங்க” என்று கத்தினேன். கரையில் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அத்தையின் தலையும் ஒரு கையில் பிடித்திருந்த கோரைத் தாள்களும்தான் தெரிந்தன. அவள் முகவாயை மேலே தூக்கி வைத்திருந்தாள். அவளிடமே போய்விடலாமா என்று ஒரு கால் எடுத்தேன். “நவுராத!” என்று அங்கிருந்தே அதட்டினாள். என் இரண்டு கைகளிலும் கேமரா இருந்தது.

கரைக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு என் சத்தம் கேட்டிருக்கிறது. தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு கரைமேல் ஏறி வந்தார். “இன்னா பாப்பா, இன்னாத்துக்கு அழுவுற?” என்றவர், நான் காட்டிய திசையைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டார். புல்லுக்கட்டுக்கு வைத்திருந்த கயிற்றை என் பக்கத்திலிருந்த கருவேல மரத்தில் கட்டி, மறுமுனையில் கல்லை முடிந்து வீசினார். முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது கோரையில் சிக்கியது. அடுத்ததை அத்தை பிடித்துவிட்டாள்.

“அக்குள்ல சுத்திக்கோம்மா! காலு ஒதைக்காத, படுத்தாப்புல வா!”

அவர் மரத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். அத்தை வயிற்றால் ஊர்ந்து மேட்டுக்கு வந்து, குப்புற விழுந்து இருமினாள். அந்தப் பெண் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “கொழந்தைய இட்டுகினு வர்ற எடமா இது? ஒரு உசுரோட போயிருக்குமா?” என்று திட்டினார். அத்தை தலையைத் திருப்பி, மேட்டில் நின்ற என் காலைத்தான் பார்த்தாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த கேமராவை வாங்கித் துடைத்தாள். அதில் பிறகு பார்த்தபோது வாத்துகளின் முதுகு சில படங்களிலும், நான் தெரியாமல் அழுத்தியதில் விழுந்த என் சட்டைத் துணி பல படங்களிலும் இருந்தன.

வீட்டில் அம்மா அத்தையைத் திட்டத் தொடங்கியபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அது பொங்கி வழிந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு ஆறவேயில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

“நான் கைய நீட்டினேன்மா. அத்தை புடிக்கவேயில்ல. கேமராவக் குடுத்து, நனையாம பாத்துக்கோன்னு தொரத்திட்டா.”

பெரியப்பா தொடையில் தட்டினார். “பாத்தியா! உசுரு போற நேரத்துலயும் இவளுக்கு மிஷினுதான் பெருசு.”

“பின்ன? ஓனருக்கு யாரு பதில் சொல்றது?” என்றாள் அத்தை, தலையைத் துவட்டிக்கொண்டே. அப்பாகூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தி முடியாது. அத்தை ஒருநாளும் மறுத்ததில்லை.

அன்றைக்கு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ தண்ணிக்குள்ள எறங்குனியா?”

ஆமாம் என்றேன். எதுவரை என்று கேட்டாள். இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். பாவாடையில் படிந்த ஏரிச் சேறு அங்கேதான் முடிந்திருந்தது. ஒன்பது வயது உடம்பு எவ்வளவு லேசு, நீட்டிய கையை அத்தை பிடித்திருந்தால் அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைத் தூக்கி வளர்த்த அம்மாவுக்குத் தெரியும்.

அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தையின் கையிலிருந்த துண்டை வாங்கி, அவளைக் கீழே உட்காரவைத்து, தலைமுடியில் ஒட்டியிருந்த சேற்றை ஒவ்வொரு பிரியாகத் துடைத்துவிட ஆரம்பித்தாள். என் பக்கம் பேச ஒருத்தருமே இல்லையென்று எனக்கு ஆத்திரமாக வந்தது.