சொதி திரிந்த மதியம்

குற்றாலத்தில் என்னைப் போலத் தேங்காய்ப்பால் சொதி வைக்க ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது; படித்த எழுத்தும் மறந்துபோயிற்று. நான் பெண்தான் என்று சொன்னதற்கு வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். பாத்திரம் கழுவச் சேர்ந்த ஓட்டலிலேயே தலைமை மாஸ்டர் ஆனேன். திருநங்கை கையால் சாப்பிடுவதா என்று முகம் சுளித்தவர்கள்கூட மறுசோறு கேட்டார்கள். ஆதாரில் என் பெண் பெயர் ஏறிய பிறகு கைநாட்டு வைப்பதை விட்டேன். அந்தப் பெயரை மட்டும் எழுதப் பழகி, கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துதான் என்னைக் கெடுத்தது.

முதலாளி படுக்கையில் விழுந்ததும் மருமகன் கல்லாவுக்கு வந்தார். முதல் வாரமே பெண்கள் கழிவறையைப் பூட்டி, மற்றப் பெண்களுக்கு மட்டும் சாவி கொடுத்தார்.

"எனக்கு எங்கய்யா சாவி?"

"பொம்பளையாளுக சங்கடப்படுதாவ."

"யாரு? பேரச் சொல்லுங்க."

அவர் கல்லாவில் சில்லறையை எண்ணத் தொடங்கினார். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

ஆண்கள் பக்கம் போனால் சப்ளையர்கள் கதவைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைதான். சாரலில் நனைந்து போய்வர இருபது நிமிடம் ஆகும். திரும்பியதும் மருமகன் ஒரு தாளை நீட்டுவார்.

"மெமோ. வாசிச்சுக் காட்டவா?"

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று பொய் சொல்லி, பெயரைக் கோணாமல் எழுதிக் கொடுப்பேன். இப்படி ஏழு தாள்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன.

சீசனில் ஒரு ஞாயிறு மதியம். ஹால் நிறைந்திருந்தது. சொதியில் கடைசியாகத் தலைப்பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்க வேண்டும். என்னால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். வந்து பார்த்தால் அண்டா முழுக்கத் திரிந்து கிடந்தது.

"மாஸ்டராம் மாஸ்டர். ஊர் சுத்தப் போயிட்டு வாரா. இனிமே பாத்திரம் கழுவு, போ" என்றார் மருமகன், சாப்பிடுகிறவர்கள் கேட்க.

கரண்டியை வைத்துவிட்டு நடந்தேன். பிறகு ஒருவர் எழுதித் தர, வேலையைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன்.

ஓட்டலின் வக்கீல் தென்காசிக்குக் கூப்பிட்டார். என் சொதிக்காகவே வாரம் தவறாமல் குற்றாலம் வந்தவர்.

"ஆச்சி, ஒங்கள யாரும் போகச் சொல்லலையே. நீங்களாத்தான போனீய?" ஏழு தாள்களையும் மேசையில் பரப்பினார். "காரணமில்லாம வெளிய போனேன்னு எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கீய."

என் பெயர் முத்து முத்தாக இருந்தது. என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வேறொரு தாளை என் முன் நீட்டினார். "இதுல ஒண்ணு போடுங்க. நாளைக்கே அடுப்பு ஒங்களுக்கு. நான் பேசிட்டேன்."

வடகரையிலிருந்து புளியங்குடி வரை கேட்டுப் பார்த்துவிட்டேன். முதலாளிமேல் மனுக் கொடுத்தவளை எந்த ஓட்டலும் சேர்க்கவில்லை. பேனாவை எடுத்து முதல் எழுத்தைப் போட்டேன். அப்போதுதான், என் ஆயுளில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தார். தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன், மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அவ்வளவுதான்.

"சாவி?"

"அதப் பத்தி இதுல இல்ல ஆச்சி. அங்கன போய் அனுசரிச்சுக்கிடுங்க."

"அப்ப ஒண்ணுக்குப் போக நான் எங்க போவேன், வக்கீலய்யா?"

அவர் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

எழுதிய ஒற்றை எழுத்தை அடித்தேன். பேனாவை அந்த ஏழு தாள்கள்மேல் வைத்தேன். அடுப்பு போயிற்று என்று தெரிந்துதான் வைத்தேன்.