இடது ஓரம்

மதியம் பன்னிரண்டரைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தால், மேட்னி ஷோ முடிந்து வெயிலுக்குள் தள்ளிவிடப்பட்டவர்கள் மாதிரி இருப்பார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே சுவரெல்லாம் கறுப்பு, ஜன்னல் கிடையாது. ஆளுக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. கையில் க்ரீம் தடவக் கூடாது, பேனா கொண்டுபோகக் கூடாது, தும்மல் வந்தால் எழுந்துபோய்த் தும்ம வேண்டும். அதனால் ஒரலியா சாப்பாட்டு அரை மணி நேரத்தையும் என் காரிலேயே கழிப்பாள். பார்க்கிங்கில் வெயில் விழுகிற பக்கமாக நிறுத்தி, கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டு, தகரத்தாளில் சுற்றிய பர்ரிட்டோ ரொட்டிச் சுருளைத் தடவித் தடவிச் சாப்பிடுவாள்.

சாந்தா அனாவில் பழைய கார்டுகளுக்கு மார்க் போடுகிற வேலை அவளுக்கு. ஜனங்கள் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். நான் முன்னறையில் பெட்டியைப் பிரித்து, கூட வந்த சீட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கார்டுக்கு ஒரு நம்பர் ஒட்டி உள்ளே அனுப்புவேன். உள்ளே இருப்பவர்கள் முனை, ஓரம், பளபளப்பு எல்லாம் பார்த்து ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடுவார்கள். பிறகு அது கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் போய் ஊருக்குத் திரும்பும். ஒன்பது வாங்கியது ஒரு சமையலறை மேஜையின் விலைக்குப் போகும், பத்து வாங்கியது அந்தச் சமையலறையின் விலைக்கே போகும். மார்க் போடுகிறவருக்கு மணிக்கு இருபத்து மூன்று டாலர். புதுக் கார்டு பார்க்கிறவர்களுக்குப் பத்தொன்பதுதான், அவர்கள் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் பார்க்க வேண்டும். பழையது நானூறு. எண்ணிக்கை குறைந்தால் திரையில் மஞ்சளாக எரியும்.

கார்டு யாருடையது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்த எனக்கு வாய் இருக்கக் கூடாது. இந்த வேலையின் சட்டம் இவ்வளவுதான். சொந்தமாகக் கார்டு வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒரலியாவிடம் ஒன்றும் கிடையாது. இருந்த ஒன்றை அவள் அண்ணன் எடுத்துப் போய் முப்பத்தெட்டு வருஷமாகிறது.

இதை அவள் என்னிடம் சொன்னதே இங்கே வேலைக்கு வந்த ஏழாவது வருஷத்தில்தான். அவளுக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை தவறிக்கொண்டே இருந்தது.

"பழைய டேபிள்ல மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் வாங்குறாங்க, நீ மட்டும் ஏன் வாங்கல? தூங்குறியாடி?" என்று கேட்டேன்.

"ஒரு கார்டுக்கு மட்டும் அரை செகண்டு கூட ஆவுது நெல்டா. அது வந்த அன்னைக்கு மத்ததுலயும் கண்ணு ஓடாது."

"எந்தக் கார்டு?"

சொன்னாள். 1978ஆம் வருஷத்து வரிசை. பெரிய ஆட்டக்காரன்கூட இல்லை, ஏதோ ஒரு அணியில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு இன்ஷூரன்ஸ் விற்கப் போனவன். அண்ணன் ரமிரோவுக்கு அவன்மேல் அப்படி ஒரு பைத்தியம், தன்னைப் போலவே அவனும் இடது கைக்காரன் என்பதால். ரமிரோ பிளாஸ்டிக் பைகள் வாங்கி வந்து கார்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கார்டு மட்டும் நுழையவில்லை. அவன் வெளியே போன நேரத்தில் பன்னிரண்டு வயது ஒரலியா உதவி செய்தாள். அம்மாவின் துணி வெட்டும் கத்தரியை எடுத்து இடது ஓரத்தை ஒரு நூல் அளவு நறுக்கினாள். கத்தரி கனம். பாதியில் கை வலித்து நிறுத்தி, மறுபடி பிடித்து வெட்டினாள். நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு படி விழுந்துவிட்டது.

"அடிச்சானா?"

"இல்ல. வச்ச கண்ணு வாங்காம பார்த்தான். அப்புறம் சிரிச்சுட்டு, 'இனிமே இத ஒரு பய வாங்க மாட்டான், நீயே வச்சுக்கோ'ன்னு குடுத்துட்டான்."

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுடன் சண்டை. கூரை வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்ன பையனின் துணிகளை அப்பா முற்றத்தில் எறிந்தார். ரமிரோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். பத்தொன்பது வயது. ஷூ டப்பா நிறைய நல்ல கார்டுகளை அப்படியே விட்டுவிட்டு, தங்கையின் மேஜை டிராயரிலிருந்து அந்த வெட்டுப்பட்ட கார்டை மட்டும் எடுத்துப் போயிருந்தான். டப்பாவை அப்பா சந்தையில் விற்றார். ரமிரோவிடமிருந்து இரண்டு தபால் அட்டை வந்தது, அப்புறம் எதுவும் இல்லை. அம்மா இறந்துபோனது அவனுக்குத் தெரியுமா என்றே தெரியாது. ரமிரோ கார்சியா என்ற பெயரில் இங்கே ஒரு ஊரையே நிரப்பலாம். ஒரலியா ஃபேஸ்புக்கில் நாற்பது பேருக்கு எழுதிப் பார்த்திருக்கிறாள். அவளோ கல்யாணம் ஆகி மொந்தானோ ஆகிவிட்டாள், வீடும் மாறிவிட்டது.

"பழைய கார்டு வச்சிருக்கவன் என்னைக்காவது ஒருநாள் இங்க அனுப்பித்தானே ஆவணும்?" என்றாள்.

"அத வித்திருந்தா?"

"வெட்டுன கார்ட யாருடி வாங்குவா?"

அதனால் அந்த ஆட்டக்காரன் கைக்கு வரும்போதெல்லாம் இடது ஓரத்தை விளக்குக்குச் சாய்த்து அரை நொடி கூடுதலாகப் பார்ப்பாள். இப்போது ஒன்பது வருஷமாகிறது. அந்தக் கார்டு மட்டும் எழுநூறு தடவைக்கு மேல் வந்திருக்கும் என்று ஒரு கணக்குச் சொன்னாள். எல்லாம் முழுசு.

போன பிப்ரவரியில் அவள் புருஷன் ஹசிந்தோ ஒரு செய்தி கொண்டுவந்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் எடுக்கிறார்கள். மணிக்கு இருபத்தாறு, பென்ஷன், வீட்டில் எல்லாருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ். கூரை வேலையில் முட்டி போய், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவன் அவன். மார்ச் முடிவதற்குள் எழுதிப் போட வேண்டும். அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். ஒரலியா பீன்ஸை மசித்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு டாலர் கூட. கோடை லீவு. ஜன்னல் வேற இருக்கு. அந்தக் கார்டுக்காரனுங்க உனக்கு என்ன மருந்து வச்சானுங்க?" என்றான் ஹசிந்தோ.

"உன் முட்டிக்குன்னு நேராவே கேளேன்."

"என் முட்டிக்குத்தான் கேக்குறேன். நேராத்தான் கேக்குறேன். நிக்கத்தான் முடியல, கேக்கவுமா முடியாது? நெல்டா, நீ சொல்லு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். கார்டு விஷயம் அவனுக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரு போன் போடாத மச்சானுக்காக முட்டி காத்திருக்கிறது என்று அவனிடம் யார் சொல்வது?

மார்ச் ஒன்பதாம் தேதி அந்தக் கார்டு வந்தது.

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். காலை பத்தே கால் இருக்கும். சாய்த்தாள், படி தெரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஓரத்தில் வெட்டின கார்டுகள் மாதத்துக்கு நூறு வரும், ஆனால் அவை திருட்டு வெட்டு, பிளேடு வைத்து நேராக வெட்டியிருப்பார்கள். இது நேராக இல்லை.

தெரிந்த கார்டு வந்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். "இது எனக்குத் தெரிஞ்ச கார்டு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், மேலே இருப்பவர்கள் கார்டுக்குச் சொந்தக்காரருக்குக் கடிதம் போடுவார்கள். உங்கள் கார்டை எங்கள் ஊழியர் இன்னார் அடையாளம் கண்டார், வேறொருவர் பார்ப்பார் என்று முழுப் பெயரும் போட்டிருக்கும். கை தூக்கியவர் தொண்ணூறு நாள் புதுக் கார்டு மேஜைக்குப் போக வேண்டும், பத்தொன்பது டாலருக்கு. விசாரணை என்று பெயர்.

ஒரலியா கையைத் தூக்கவில்லை. நாற்பது பேருக்கு எழுதி நாற்பது தடவை தப்பாகிப் போனவள். வேறு ஏதோ ஒரு வீட்டில் வேறு ஏதோ ஒரு பிள்ளை வெட்டியிருந்தால்? 'வெட்டியது, மார்க் இல்லை' என்ற பொத்தானை அமுக்கினாள். அதற்குக் கீழே குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. திருப்பி அனுப்பும் சீட்டில் அது அச்சாகும். எழுத நேரமாகும் என்பதால் ஒருவரும் தொடுவதில்லை. அவள் தொட்டாள்: "துணிக் கத்தரி. இரண்டு வெட்டு. நடுவில் நிறுத்தியிருக்கிறது. சிறுமியின் கை."

மாலையில் மேற்பார்வைக்காரன் கர்ட்டிஸ் கூப்பிட்டான். அவள் மகன் வயது.

"துணிக் கத்தரி சரி. சிறுமின்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"சின்னக் கைக்குத்தான் பாதியில வலிக்கும்."

"பையனுக்கு வலிக்காதா?"

"பையன் அம்மாவோட கத்தரிய எடுக்க மாட்டான் கர்ட்டிஸ்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் குறிப்பில் பார்த்ததை மட்டும் எழுதவும் என்று ஒரு எச்சரிக்கைத் தாள் கொடுத்தான். அதை மடித்துக்கொண்டு என் காரில் வந்து உட்கார்ந்தாள். இருட்டும்வரை நகரவில்லை. பெட்டி பிரித்தவள் நான்தானா, அனுப்பியது யார், எந்த ஊர் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரக்கணக்கில் பிரிக்கிறேன், எனக்கு நினைவும் இல்லை.

"பேக்கிங்ல கேட்டா அட்ரஸ் சொல்லுவாங்களேடி," என்றேன் நானாகவே.

"சொன்னவ வேலையும் போவும், என் வேலையும் போவும். வேணாம். கார்டு என்னைத் தேடி வந்துச்சுல்ல. அந்த வழியாவே இன்னொரு தடவ வரட்டும்."

மார்ச் முடிந்தது. பள்ளிக்கூட வேலைக்கு அவள் எழுதிப் போடவில்லை. ஹசிந்தோ ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவன் பேசாமலிருந்தால் அந்த வீட்டில் ரேடியோ நின்ற மாதிரி இருக்கும். எட்டாம் நாள் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் மரியாதையா திட்டியிருப்பேன்ல," என்றானாம்.

ஏப்ரல் கடைசியில் என் மேஜையில் ஒரு சின்ன உறை. உள்ளே ஒரே ஒரு கார்டு. இடது ஓரத்தில் படி.

திருப்பி அனுப்பிய கார்டை ஜனங்கள் மறுபடி அனுப்புவது உண்டு. வேறு ஆள் பார்த்தால் மார்க் விழாதா என்ற நப்பாசை. ஆனால் துணிக் கத்தரி என்று கையில் சீட்டு கொடுத்த பிறகும் யாரும் இன்னொரு தடவை கட்டணம் கட்டி அனுப்பி நான் பார்த்ததில்லை. சீட்டை எடுத்தேன். அனுப்புநர் பெயர் ரமிரோ கார்சியா. ஊர் எனக்குத் தெரியும், இங்கேயும் எழுத மாட்டேன்.

கார்டின் விவரம் என்ற வரியில் வருஷம், வரிசை, எண் எழுதுவார்கள். அவன் அதெல்லாம் எழுதிவிட்டுப் பக்கத்தில் சேர்த்திருந்தான்: "என் தங்கை வெட்டியது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு."

விவர வரியில் இருப்பதை இருக்கிறபடி ஏற்ற வேண்டும், ஒரு எழுத்து கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அது என் வேலை. உள்ளே மார்க் போடுகிறவர்களின் திரையில் தெரிவதும் அந்த ஒரு வரிதான். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் டைப் அடித்ததில்லை. மூன்று தடவை சரிபார்த்தேன். பழைய மேஜையில் மூன்று பேர், ஒரு கார்டை இரண்டு பேராவது பார்க்க வேண்டும். மீதி என் கையில் இல்லை.

அன்று மதியம் காரில் நான் பர்ரிட்டோவைக் கடிக்காமலே கையில் பிடித்திருந்தேன். "என்னடி, உன் பர்ரிட்டோவுக்கு யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

மறுநாள் மூன்று மணிக்கு அந்தக் கறுப்பு அறையில் ஒரலியா கையைத் தூக்கினாள். கர்ட்டிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் பார்க்கவில்லையோ என்று எழுந்து நின்று தூக்கினாளாம். படிவத்தில் எப்படித் தெரியும் என்ற இடத்தில், "வெட்டியது நான்" என்று எழுதினாள். கையெழுத்து ஒரலியா கார்சியா மொந்தானோ. பிறந்த வீட்டுப் பெயரை அவள் எழுதி முப்பது வருஷம் இருக்கும். கர்ட்டிஸ் அதைப் படித்துவிட்டு, போன மாதத்து எச்சரிக்கைத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டானாம்.

இப்போது அவள் புதுக் கார்டு மேஜையில் இருக்கிறாள். பத்தொன்பது டாலர். முதல் வாரமே நாளுக்குத் தொள்ளாயிரத்து முப்பது பார்த்துவிட்டாள், எங்கும் அரை நொடி நிற்க வேண்டியதில்லையே. கடிதம் போய்ப் பதினோரு நாளாகிறது. அதில் இருக்கிற முழுப் பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடினால் அவள் போன் நம்பர் கிடைக்கும். மதியம் காரில் வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்து முன்னால் கண்ணாடி ஓரமாக வைக்கிறாள். அதில் வெயில் பட்டுச் சூடாகிறது. இடத்தை மாற்றி மறுபடி வைக்கிறாள்.

நேற்று, கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? ஊரு பேரெல்லாம் வேணாம்."

"கேளு."

"கையெழுத்து எப்படி இருந்துச்சு?"

சட்டத்தில் இதற்கு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன்.

"பின்பக்கமா சாஞ்சு இருந்துச்சு. எழுத எழுத கை பட்டு மை கலைஞ்சிருந்துச்சு."

"ஆமா," என்றாள். "அவனுக்கு எப்பவும் அப்படித்தான் கலையும்."

பர்ரிட்டோவைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்க ஆறு நிமிஷம் இருந்தது. போன் அடிக்கவில்லை.