புக்கிட் ரம்பாய்த் தவிடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் கூட்டம் வந்து நின்றது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் விமலாவும் அவளுடைய கிளப்புக்காரர்களும். எல்லார் காலிலும் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, கைப்பிடியில் தண்ணீர்ப் போத்தல். புக்கிட் ரம்பாய் வழியாக கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறார்களாம். மேடும் பள்ளமுமாகப் போகும் ரோடு, இரண்டு பக்கமும் நெல்வயல், பழைய வீடுகளின் பூ ஓடு பதித்த படிக்கட்டு என்று விமலா அடுக்கிக்கொண்டே போனாள்.

"வாங்களேன் டீச்சர், சும்மா காத்து வாங்கிட்டு வரலாம். நீங்க ஆம்பளை சைக்கிளே ஓட்டுவீங்களாமே?"

"வயிறு சரியில்லம்மா" என்றேன். பொய் இல்லை. அந்த ரோட்டின் பெயரைச் சொன்னாலே எனக்குத் தொண்டையில் தவிடு அடைக்கும்.

நீங்கள் தவிடு தின்றிருக்கிறீர்களா? புதுத் தவிட்டில் ஓர் இனிப்பு வாசனை இருக்கும். இரண்டு நாள் கழித்து அது சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி நாறும். வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டும். விழுங்கவும் விடாது, துப்பவும் விடாது. ஜப்பான்காரன் காலத்தில் நாறாதது எது என்று கேட்காதீர்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்கள் வியர்வையே கிழங்கு நாற்றம் அடித்தது. சவுக்காரம் இல்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சிரங்கு. நான் ஆங்கிலப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பென்சில் பிடித்தவளும் நான்தான். சிரங்கைச் சொறிந்தபடி அந்தப் பெருமையை நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கால் வீங்கியது அந்த நாட்களில்தான். டவுனில் தண்ணீர்க் குழாய் போடும் வேலை அவருக்கு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், புழுங்கலரிசியை விட்டுத் தும்பைப்பூ போன்ற சயாம் அரிசிக்கு மாறியது. சாப்பாட்டில் அப்படி ஒரு மிடுக்கு. சோறு ஒன்றோடொன்று ஒட்டினால் தட்டு நகர்ந்துவிடும். "இது ரசமா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்று அவர் கேட்காத நாள் இல்லை. அம்மாவும் சளைத்தவள் அல்ல. "கழுவுன தண்ணிதான். குடிச்சிட்டுப் போங்க, வயிறாவது சுத்தமாவும்" என்பாள். அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுத்தான் மணி ஒன்றாகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த மனிதரின் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. எங்கள் தெருவில் இருந்த, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்து எல்லாத்தையும் பட்டாளத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. இது சத்துக் கொறைஞ்ச வீக்கம், அந்தச் சத்து தவிட்டுல இருக்கு. கெடைச்சா கஞ்சியில போட்டுக் குடுங்க. வீக்கம் நெஞ்சுக்கு ஏறுனா ஒன்னும் செய்ய முடியாது."

"மாட்டுத் தீனியா?" என்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தவிடு வேண்டுமென்றால் நெல் குத்தும் கம்பத்துக்குப் போக வேண்டும். அப்பாவின் சைக்கிள் இருந்தது, டயர்தான் இல்லை. தோட்டத்து ரப்பர்த் துண்டை ரிம்மில் சுற்றிக் கம்பியால் முறுக்கிக் கட்டினோம். வெயில் ஏறினால் அது செத்த எலி மாதிரி நாறும். சிப்பாய்கள் கண்ணில் பெண்ணாகப் படக்கூடாதென்று அம்மா என் பின்னலை வெட்டி, அப்பாவின் காக்கிக் கால்சட்டையை மாட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். பெண்ணாகவும் இல்லை, ஆணாகவும் இல்லை. வயல் பொம்மைக்குப் பள்ளிக்கூடம் போன திமிர் மட்டும் இருந்தது.

துணைக்குத் தேவி வந்தாள். பக்கத்துச் சிட்டிக் கம்பத்துப் பெண், என் வகுப்புத் தோழி. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட தமிழ் வழியினர். சாமி பெயர்களைத் தவிர அவளுக்குத் தமிழ் வராது. எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான். ஏற்றத்தில் அவள் இறங்கித் தள்ளுவாள், இறக்கத்தில் பின்னால் ஏறிக்கொள்வாள். டயர் இல்லாத சைக்கிளில் இறக்கம் என்பது பல்லை ஆட்டிப் பார்க்கும் சோதனை. விமலா சொன்ன அதே பூப் படிக்கட்டுகளை நானும் பார்த்தேன். படிகளின் மேலே கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது வயல் பச்சையாக விரியும், உண்மைதான். காற்றும் உண்டு. அந்தக் காற்றில் எங்கோ அழுகிக் கிடந்த மாட்டின் வாடையும் வரும்.

புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் வாத்து வளர்க்கும் ஒரு மக் சிக், மலாய் மாமி, இருந்தாள். அம்மாவின் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு அரைச் சாக்குத் தவிடு தந்தாள்.

"எத்தனை வாத்து வெச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"ஒன்னுதான், மக் சிக்" என்றாள் தேவி. "ரொம்பக் கோவக்கார வாத்து."

திரும்பும் வழியில் பாலத்தருகே ஜப்பான் காவல். இறங்கி, இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். வளைந்தோம். காவல்காரன் சாக்கைப் பார்த்தான். உள்ளே அரிசி ஒளித்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான் போல. துப்பாக்கி முனைக் கத்தியால் கிழித்து, ரோட்டில் கொட்டி, பூட்ஸ் காலால் கிளறினான். அரிசி இல்லை. அந்த ஏமாற்றத்தை என்மீது தீர்த்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். தவிட்டையும் என் வாயையும் காட்டினான்.

தின்றேன். ரோட்டு மண்ணோடு, அவன் பூட்ஸ் சேற்றோடு, ஒரு கைப்பிடி. இன்னொருவன் வாத்து மாதிரி கத்திக் காட்டினான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தின்னச் சொன்னவன் பல்லில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மீதியை நானும் தேவியும் அவள் சாரோங்கில் வாரிக் கட்டிக்கொண்டு வந்தோம்.

"வீட்டில் சொல்லாதே" என்றேன். தலையாட்டினாள்.

ஆனால் காவல்காரன் கிளறியதை அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தவிட்டில் கல் இருந்ததே. அம்மாவின் முகம் கோணியது.

"அவன் காலு பட்டத எம் புருசன் வாயில ஊத்தவா?"

கழுவினாள். தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றிக் கழுவினாள். கலங்கிய தண்ணீரையெல்லாம் கொல்லை வாழைக்கு ஊற்றினாள். மிஞ்சிய சக்கையைக் கஞ்சியில் போட்டு, திட்டித் திட்டி அப்பாவைக் குடிக்க வைத்தாள். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. மூச்சு வாங்கத் தொடங்கியது.

டிரெஸ்ஸர் மறுபடி வந்தார். "கழுவுனீங்களா?" என்று கேட்டார். "சத்தெல்லாம் தண்ணியோட போயிருக்கும்மா."

அம்மா கொல்லையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதம் காஜா பேராங்கிலேயே நோய் நொடியில்லாமல் கொழுத்து நின்றது எங்கள் வாழை ஒன்றுதான்.

மறுபடி போக வேண்டும். இந்த முறை காவல்காரன் கை உள்ளே படவும் கூடாது, வீட்டில் கழுவவும் கூடாது. வழி சொன்னது தேவி. தெங்கேராவில் அவள் சித்தி வீட்டில் கெட்டுப்போன பிளாச்சான் ஒரு பானை இருந்தது. கூனி இறாலை இடித்து வைப்பது. நல்ல பிளாச்சானே தெருமுனைவரை மணக்கும். கெட்டது எப்படியென்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மக் சிக் தந்த தவிட்டைப் பாக்குமட்டையில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் சாக்கு சுற்றி, சாக்கு முழுக்கப் பிளாச்சானைப் பூசினோம். ஈ மொய்த்தது. என் கையிலும் முதுகிலும் அது வழிந்தது. சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள் நான் என்று ஏற்கனவே சொன்னேன் அல்லவா?

பாலத்தில் வளைந்து நின்றோம். அதே காவல்காரன் சாக்கருகே குனிந்தான். "குசாய்!" என்று அலறி மூக்கைப் பொத்திக்கொண்டு, சைக்கிளை ஓர் உதை உதைத்து விரட்டினான். நாற்றம் என்பதற்கு அவர்கள் மொழியில் அந்தச் சொல். எனக்கு மறக்காத ஒரே ஜப்பானியச் சொல்லும் அதுதான்.

அன்று கஞ்சி பழுப்பாக, கட்டியாக இருந்தது. மட்டையையும் தாண்டிக் கொஞ்சம் பிளாச்சான் வாடை இறங்கியிருந்தது. அப்பா ஒரு மூச்சு இழுத்து மோந்து பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளினார். இளைத்த குரலில், "செத்தாலும் இத நான் தொட மாட்டேன். நாய்கூடத் தின்னாது" என்றார்.

கதவருகே நின்ற தேவிக்கு வார்த்தை புரியவில்லை. தள்ளிய கை புரிந்தது. மாமா என்று மலாயில் கூப்பிட்டு வெடித்தாள்.

"பா சிக், உங்க மகள் தின்னா! ரோட்டிலே, அந்தச் சிப்பாய் காலடியிலே குனிஞ்சு தின்னா. அவன் சிரிச்சான். உங்களுக்கு நாறுதா?"

நான் அவள் வாயைப் பொத்தப் போவதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். அப்பாவுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வெட்டிய தலைமுடியைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை இழுத்து, மூச்சு விடாமல் குடித்தார். அடியில் தங்கியதை விரலால் வழித்துத் தின்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. அழுத்தினால் விழுந்த குழி, ஒரு நாள், விரலை எடுத்ததும் நிரம்பியது. அம்மா கற்பூரம் இல்லாததால் விளக்குத் திரியைக் கொளுத்திச் சுற்றிப்போட்டாள்.

ஜப்பான்காரன் போய், இப்போது எல்லாம் வந்துவிட்டது. சவுக்காரம் வந்தது, டயர் வந்தது, தும்பைப்பூ அரிசியும் வந்துவிட்டது. பாலத்தில் காவல் நின்ற இடத்தில் ஒருவன் கரும்புச்சாறு விற்கிறான். அப்பா நன்றாக நடக்கிறார், வேலைக்குப் போகிறார். தட்டில் எதை வைத்தாலும் சாப்பிடுகிறார். குழைந்தது, தீய்ந்தது, நேற்றையது என்று எதற்கும் முகம் சுளிப்பதில்லை. குனிந்து, முழுவதையும் தின்று, அடியை வழித்துவிட்டு எழுந்துபோகிறார். மணி ஒன்றானது இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

நேற்று அம்மா குழம்பில் வேண்டுமென்றே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரிமாறிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பதில் சொல்லத் தயாராக அவர் எதிரிலேயே நின்றாள்.

அவர் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.