மாதா படத்தடியில் இரண்டு சீட்டு

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கும் மண்டியில் எடை போடுகிற இருதயராஜ் மீது யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கிளியனூர்ப் பக்கத்து விவசாயிகள் அவர் கை தராசுக்காகக் காத்திருந்து மூட்டையை இறக்குவார்கள். அப்படிப்பட்ட மனிதர் 1984ஆம் வருஷம் ஆண்டவரையே ஏமாற்றப் பார்த்தார்.

காரணம் விழுப்புரத்தில் இருந்தது. அவருடைய அண்ணன் சவரிமுத்து அங்கே ரயில்வேயில் பிட்டர். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்கு எது கிடைத்தாலும் இருதயராஜுக்கு உள்ளே புகையும். அந்த ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அண்ணன் மகள் ரெஜினா நர்ஸ் படிப்பில் சேர்ந்து வெள்ளைத் தொப்பியோடு எடுத்த போட்டோ சுவரில் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று பேசினார்கள். இருதயராஜுக்குக் கறிச்சோறு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது மனைவி சந்தனமேரியிடம் சொன்னார்: “நம்ம பொண்ணு பிலோமினாவையும் நர்ஸுக்குத்தான் சேக்கணும்.”

“அது ரத்தத்தப் பாத்தாலே மயங்கி வுழுந்துடும். தெரியாதா உங்களுக்கு? காலேஜுல கணக்குப் படிக்கணும்னு சொல்லிக்கினு இருக்குது.”

“என்கிட்ட சொல்லலையே.”

“நீங்க கேட்டீங்களா?”

வீட்டில் இதே சண்டையாகிப் பேஜாரு முற்றவே, சந்தனமேரி அவரைப் பங்குச் சாமியாரிடம் அனுப்பினாள். “ஆண்டவர்கிட்ட ஞானம் கேளுங்க. ஒம்பது நாள் ஜெபம் பண்ணுங்க, அப்புறம் முடிவு எடுங்க” என்றார் சாமியார்.

தினமும் முழங்காலில் நின்றார். கண்ணை மூடினால் அந்த வெள்ளைத் தொப்பிதான் வந்தது. உம் சித்தம் என்று வாய் சொல்லும். அண்ணன் பெண்ணுக்கு மட்டுமா என்று நெஞ்சு கேட்கும்.

ஒன்பதாம் நாள் மாலை ஜெபம் முடிந்ததும், “நர்ஸா காலேஜான்னு சீட்டுப் போட்டுடலாம். ஆண்டவரே சொல்லட்டும்” என்றார். தானே எழுதி, மடித்து, மாதா படத்தடியில் இரண்டு சீட்டை வைத்தார். பிலோமினா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ‘நர்ஸ்’ என்றிருந்தது.

அவள் முகம் வாடியது. ஆனாலும், “சரிப்பா” என்றாள். பிறகு மற்ற சீட்டையும் கையில் எடுத்தாள்.

“அத ஏம்மா எடுக்கிற? அடுப்புல போடு” என்று இருதயராஜ் அவசரமாகக் கை நீட்டினார்.

“இது காலேஜுன்னு எழுதின சீட்டுப்பா. நான் வெச்சிக்கிறேன்.” ஆசையாக ஒருமுறை பார்க்கப் பிரித்தாள். அதிலும் ‘நர்ஸ்’.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. சந்தனமேரி எழுந்திருக்கவில்லை.

“பெரியப்பா வூட்டு போட்டோவப் பாத்ததுலேர்ந்து உனக்கு என் மூஞ்சியே கண்ணுல படலப்பா” என்றாள் பிலோமினா. அழவில்லை, சொன்னாள், அவ்வளவுதான்.

இருதயராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாதா படத்தை நிமிர்ந்து பார்க்கவும் கூசியது. தலை குனிந்தபடியே, “உனக்கு இன்னாம்மா படிக்கணும்?” என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்கைப் பற்றி அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். “எத்தனை நாளா இந்தப் பொறாமை?” என்று சாமியார் கேட்டார். “விவரம் தெரிஞ்ச நாளா, சாமி” என்றார்.

பிலோமினா ஜூலையில் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். பொறாமை மட்டும் ஒரே நாளில் போய்விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த சவரிமுத்து, “நர்ஸுக்கு அனுப்பியிருக்கலாமேடா, நம்ம ரெஜினா மாதிரி” என்றதும் உள்ளே பழையபடி புகைந்தது. இருதயராஜ் பின்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். ஈர முகத்தோடே திரும்பி வந்து சொன்னார்:

“ரெஜினாவுக்கு அது நல்லாத்தான் இருக்குதுண்ணே. இவளுக்குக் கணக்குதான் புடிக்குது.”